நாற்பத்தொரு நிமிடம் வாய் திறக்காதவள்

அத்தியாயம் ஐந்து

"அந்த அம்மாகிட்ட சொல்லு, டீயில சர்க்கரை பத்தலை."

ரூபேனி இதை என்னிடம் சொன்னார். அந்த அம்மா, அதாவது எங்கள் அலுவலகத்தின் தட்டச்சு, டெலிபோன், டீ மூன்றுக்கும் பொறுப்பான உனாய்சி, அவருக்கு இரண்டடி தள்ளி கையில் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் திரும்பி அவளிடம் சொன்னேன். "சர்க்கரை பத்தலையாம்."

"டாக்டர் பாதிதான் போடச் சொன்னாருன்னு சொல்லுங்க கவுண்டர்."

"டாக்டர்..."

"காதுல விழுந்துச்சு," என்றார் ரூபேனி.

காதில் விழுந்தால் நேராகவே பேசித் தொலைக்கலாமே என்று ஆறு வருடம் முன்னால் ஒருமுறை கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அது அவர்களுடைய கடாவுத் தீவுப் பழக்கம். எனக்கு வேலை உத்தரவில் 'துப்பறியும் உதவியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். பாதி நாள் நான் தபால்காரன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வந்த ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் டேரில். பிரிஸ்பேன்காரர். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. வைலேகா துறைமுகத்தில் 'வோனு' என்ற இழுவைப் படகை ஓட்ட வந்தவர், வந்த முதல் நாளே கப்பல் ஒன்று கரையில் மோதியது.

"விசாரணையில என் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க மச்சி," என்றார் டேரில். அவருக்கு ஊரில் எல்லோரும் மச்சிதான்.

"அப்புறம் என்ன, போய் பீர் குடிக்க வேண்டியதுதானே," என்றேன்.

"தூக்கம் வரலை. விதிப்புத்தகத்துல என்ன இருக்கோ அதையேதான் செஞ்சேன். பைலட்டும் சரியாத்தான் செஞ்சாரு. அந்தப் பொண்ணும் சரியாத்தான் செஞ்சிருக்கணும். மூணு பேரும் சரியாச் செஞ்சா கப்பல் எப்படி மச்சி மோதும்?"

ரூபேனி முதல் தடவையாக டீயை மறந்து நிமிர்ந்தார். போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குற்றவாளி வந்து அழுதால் கொட்டாவி விடுவார். குற்றமில்லாதவன் வந்து அழுதால்தான் அவருக்கு உற்சாகம் வரும்.

"நடந்ததைச் சொல்லுங்க தம்பி."

டேரில் சொன்னார். கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவது பைலட் இசிமேலி. அவர் கப்பலின் மேல்தளத்தில் நின்று ரேடியோவில் கட்டளை சொல்வார். கப்பலின் முன்பக்கம் கயிறு கட்டி இழுப்பது டேரிலின் வோனு. பின்பக்கம் 'காலோகாலோ' என்ற படகு. அதன் தலைவி கெலெரா, இந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் முதல் பெண். காற்று கப்பலைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு படகும் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போது ரேடியோவில் பைலட் 'நிறுத்து' என்றார்.

"நான் நிறுத்தினேன். நிறுத்தியாச்சுன்னு வாயால சொன்னேன். அவளும் நிறுத்தினா. முன்பக்கத்தைப் பிடிக்க ஆளே இல்ல. காத்து அப்படியே தூக்கிட்டுப் போய்க் கரையில அடிச்சுது."

கரையில் கயிறு வாங்க நின்ற ஆள் தண்ணீரில் குதித்துத் தப்பினாராம். அவருடைய செருப்பு மட்டும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அப்பளமானது.

"இதுல அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?" என்றேன்.

"கட்டளையைக் கேட்ட படகு, கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். அதான் விதி. அவ சொல்லலை. அது மட்டும் இல்ல, நாற்பத்தொரு நிமிஷப் பதிவுல அவ குரலே இல்ல. வெலிங்டன்லேர்ந்து டாக்டர் ஹார்க்னெஸ்னு ஒரு ஒலி நிபுணர் வந்திருக்காரு. ரேடியோவுக்குப் பக்கத்துல அவ இல்லவே இல்லைன்னு எழுதிட்டாரு. இன்னைக்கு ரெண்டு மணிக்கு அவ லைசென்ஸைப் பிடுங்கறாங்க."

"நிறுத்தச் சொன்னப்போ நிறுத்தியிருக்காளே."

"தூங்கினாலும் படகு நிக்கும்னு சொல்றாரு டாக்டர்."

"அவ என்ன சொல்றா?"

"'என் வேலையை நான் செஞ்சேன்'. இவ்வளவுதான். பைலட்டும் அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. திட்டவும் இல்ல, காப்பாத்தவும் இல்ல." டேரில் எழுந்து தொப்பியைப் போட்டார். "மூணு வருஷமா என் இடத்துல இருந்த வில்சனுக்குக் குடல்வால் ஆபரேஷன், அதான் நான் வந்தேன். அவரு இருந்தவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லையாம்."

ரூபேனி தொப்பியை எடுத்தார். "அந்த அம்மாகிட்ட சொல்லு, ஏதாவது சேதி வந்தா உனக்கு ஃபோன் பண்ணச் சொல்லி."

"சரின்னு சொல்லுங்க," என்றாள் உனாய்சி.

*

துறைமுகக் கோபுரத்தில் ரேடியோவைக் கவனிக்கும் ரேணுகா லால், காதில் ஒரு கருவியும் கையில் பாதி தின்ற தேங்காய்ப்பால் பன்னுமாக இருந்தாள்.

டாக்டர் ஹார்க்னெஸ் விசாரணைக் குழுவுக்குக் கொடுத்த பதிவின் நகல் டேரிலிடமிருந்து எங்களுக்குக் கிடைத்திருந்தது. வரும் வழியில் ரூபேனி அதில் மோதலுக்கு முந்தைய பகுதியை மூன்று தடவை கேட்டுவிட்டார். கண்ணாடி மாதிரி சுத்தமான பதிவு. பைலட்டின் குரல், டேரிலின் குரல், பைலட்டின் குரல். நடுவில் மயான அமைதி.

"இவ்வளவு சுத்தமாவா இருக்கும் ரேடியோ?" என்று ரேணுகாவிடம் கேட்டார் ரூபேனி. "எங்க போலீஸ் ரேடியோ எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரியும்."

"அது கழுவின பதிவு சார். டாக்டர் கம்ப்யூட்டர்ல போட்டு இரைச்சல் எல்லாம் எடுத்துட்டாரு. அழுக்குப் பதிவு என்கிட்ட இருக்கு, போடவா?"

போட்டாள். எஞ்சின் உறுமல், காற்று, எங்கேயோ ஒரு நாரை. பைலட்டின் குரல் 'நிறுத்து' என்றது. உடனே ஒரு சத்தம். டிக், டிக். அதன் பிறகு டேரிலின் குரல்.

"அது என்ன டிக் டிக்?"

"அதா? கெலெரா." பன்னைக் கடித்தபடி சொன்னாள். "பேசற பொத்தானை ரெண்டு தட்டு தட்டுவா. கேட்டேன்னு அர்த்தம். டாக்டர் அதையும் இரைச்சல்னு துடைச்சிட்டாரு போல."

நான் ரூபேனியைப் பார்த்தேன். ரேணுகாவின் திரையில் எண்ணினால் நாற்பத்தொரு நிமிடத்தில் பதினேழு டிக் டிக். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை என்று நிரூபிப்பதற்காக, ஆள் இருந்ததற்கான அத்தனை சாட்சியையும் அந்த நிபுணர் மெனக்கெட்டுத் துடைத்திருக்கிறார். இதற்கு வெலிங்டனிலிருந்து விமான டிக்கெட் வேறு.

"கேஸ் முடிஞ்சுது சார்ஜென்ட்," என்றேன்.

"முடியலை. விதி வாயால சொல்லணும்னு சொல்லுது. இவ ஏன் தட்டினா? தொண்டையில புண்ணா?"

ரேணுகா சிரித்தாள். "தொண்டையில புண்ணா? மத்த பைலட் வந்தா இவ ரேடியோவை விடமாட்டா. கட்டளையைத் திருப்பிச் சொல்லிட்டு, அவங்க வீட்டுக் கொழம்பு வரைக்கும் கேப்பா. இசிமேலி வந்தா மட்டும்தான் டிக் டிக். அவரும் அப்படித்தான். வில்சனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, இவ பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. மூணு வருஷம் சார். என்ன சண்டையோ."

"சண்டையோ, காதலோ," என்றேன்.

ரூபேனி ஏனோ முகம் சுளித்தார். இந்த மாதிரி நகைச்சுவைக்கு அவர் வழக்கமாகச் சிரிப்பார்.

இறங்கும்போது நான் சொன்னேன். "இது வெளிய தெரிஞ்சா இன்னும் மோசம். பழைய பகையை மனசுல வச்சுக்கிட்டு பதில் சொல்லலைன்னு எழுதிடுவாங்க. தூங்கினான்னு சொன்னதே தேவலை."

*

காலோகாலோவின் பின்தளத்தில் கெலெரா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய சாமான்கள் ஒரு பையில் கட்டி ஓரமாக வைத்திருந்தன. மத்தியானத்துக்கு மேல் இந்தப் படகு தனதில்லை என்று அவளே தீர்மானித்துவிட்டாள்.

"பொத்தானைத் தட்டினது நீதானேம்மா?" என்று கேட்டார் ரூபேனி.

"ஆமாங்க."

"விசாரணையில ஏன் சொல்லலை?"

"அடுத்ததா ஏன் தட்டினேன்னு கேப்பாங்க."

"ஏன் தட்டினே?"

அவள் கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். "பைலட்டோட உனக்கு என்ன பகை?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னது பகைன்னு? இந்த லைசென்ஸ் பரீட்சைக்கு என்னை அனுப்பினது அவங்கதான். பொம்பளைக்கு எதுக்கு இழுவைப் படகுன்னு ஊரே கேட்டுச்சு, அத்தனை பேர்கிட்டயும் போய்ப் பேசினது அவங்க. எனக்கு வாந்தி வர்ற கடல்ல நாலு மாசம் பின்னாடியே நின்னு கத்துக் குடுக்க ஆள் ஏற்பாடு பண்ணினாங்க. பகையாம், பகை."

"அவ்வளவு நல்லவருக்கு ஒரு பதில் சொல்ல முடியாதா?"

"அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க. என்னால அவங்களுக்குத் தலைகுனிவு வர வேண்டாம். லைசென்ஸ் போனா போகட்டும்." அவள் முகத்தைத் திருப்பி எஞ்சின் அறைப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி நடந்தோம். எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கட்டி வைத்த பை கண்ணிலேயே நின்றது.

"பகை இல்ல. காதல் இல்ல. மரியாதைக்காக ஒரு பொண்ணு பொழப்பையே விட்டுக் குடுக்கறா," என்றார் அவர். "ஏதோ ஒண்ணு மூக்குக்கு நேரா நிக்குது கவுண்டர். தெரிய மாட்டேங்குது."

"வயிறு காலியா இருந்தா மூளை ஓடாது. ரொட்டிப் பொட்டலம் வாங்கிட்டு வரேன். மணி பத்தே கால்தான், ரெண்டு மணிக்கு நேரம் இருக்கு."

என் ஃபோனில் சார்ஜ் குறைந்திருந்ததால் அதை எதிர்க்கடையில் செருகி, பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் கையருகே வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். வரிசை நீளம். இருபது நிமிடம் கழித்து வந்தபோது ரூபேனி என் ஃபோனை ஏதோ வெடிகுண்டு மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃபோன் வந்துச்சு," என்றார்.

"யாரு?"

"எடுத்தேன். ஹலோன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுது."

"யாருன்னு திரையில பேர் வந்திருக்குமே."

"வந்துச்சு." அவர் கடலைப் பார்த்தார். "உனாய்சி."

"நீங்க என்ன பேசினீங்க?"

"நான் என்ன பேசறது? நீ இல்லையே."

"அவ என்ன பேசினா?"

"அவளும் நீ இல்லைன்னு வச்சுட்டா."

நான் ஃபோனைப் பிடுங்கினேன். ஒரு குறுஞ்செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. அடுத்தவர் ஃபோனில் வரும் கடிதத்தைப் படிக்க மாட்டார் எங்கள் சார்ஜென்ட், அவ்வளவு ஒழுக்கம். உனாய்சியைக் கூப்பிட்டேன்.

"விசாரணையைப் பதினொரு மணிக்கு மாத்திட்டாங்க கவுண்டர். டாக்டருக்கு மத்தியானம் விமானமாம். அப்பவே கூப்பிட்டேன், நீங்க எடுக்கலை. எடுத்த ஆள்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

மணி பத்து நாற்பது. எனக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. அதற்கடுத்த நொடி விஷயம் பிடிபட்டது.

"சார்ஜென்ட். நம்ம ஆபீஸ்ல வில்சன் யாரு?"

"எந்த வில்சன்?"

"நான்தான் வில்சன். வில்சன் ரொட்டி வாங்கப் போயிட்டான், ஆபீஸ் கரையில மோதிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், சற்று முன் ஃபோனைப் பிடித்திருந்த கையை. இருபது வருடம் கொலைகாரர்களைப் பிடித்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு அசட்டுக்களை வந்து நான் கண்டதில்லை.

"கெலெரா எந்த ஊரு?" என்றார் மெதுவாக.

அவருடைய சின்னம்மா ஒருத்தி கடாவுவில் எல்லார் வீட்டு வம்சமும் அறிந்தவள். அவளுக்கு ஃபோன் போட்டதும் ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. இசிமேலியின் அம்மாவும் கெலெராவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அப்படியென்றால் அவர்கள் கணக்கில் இவன் அண்ணன், அவள் தங்கை. அண்ணன் தங்கையிடம் நேருக்கு நேர் பேசமாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், அவளும் அப்படியே. ரூபேனிக்கும் உனாய்சிக்கும் அதே உறவுதான்.

டாக்ஸியில் ரூபேனி கணக்கைக் கூட்டிக் காட்டினார்.

"பைலட் பேர் சொன்னா அது வில்சனுக்கு. பேர் சொல்லாம பேசினா அது தங்கச்சிக்கு. அவ டிக் டிக்னு தட்டுவா. அவ பதிலை வில்சன் வாயால எடுத்துச் சொல்லுவான். மூணு வருஷம், ஒரு கீறல் இல்ல. யாரும் உக்காந்து ஏற்பாடு பண்ணலை, தானா அமைஞ்சுது."

"டேரிலுக்கு யாரும் சொல்லலை."

"எதைச் சொல்றது? மூச்சு விடறதை யாராவது புது ஆளுக்குச் சொல்லித் தருவாங்களா? விதிப்புத்தகத்துல, பேர் இல்லாத கட்டளை எல்லாப் படகுக்கும் பொதுன்னு இருக்கு. தங்கச்சிக்குச் சொன்ன 'நிறுத்து'வை டேரில் தனக்கும்னு எடுத்துக்கிட்டான். நிறுத்தியாச்சுன்னான். பைலட் காதுல என்ன விழுந்துச்சு? பின்னாடி டிக் டிக், முன்னாடி படகுலேர்ந்து ஒரு ஆம்பளைக் குரல். தங்கச்சி நிறுத்தியாச்சுன்னு மூணு வருஷமா வில்சன் எடுத்துச் சொன்ன அதே பதில். முன்படகு இன்னும் இழுத்துப் பிடிச்சிருக்குன்னு நம்பி, திருப்தியாத் திரும்பி கேப்டன்கிட்ட பேசப் போயிட்டாரு."

"பிரமாதம். போய் இதையே சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்தார். "அண்ணனையும் தங்கச்சியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, இவங்க ஏன் பேசலைன்னு சபையில நான் எப்படிச் சொல்லுவேன்? என் வாய் வராது."

*

நாங்கள் நுழைந்தபோது விசாரணைக் குழுவின் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். டாக்டர் ஹார்க்னெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையில் இசிமேலி, ஜன்னலைப் பார்த்தபடி. எதிர்ப்பக்கம் கெலெரா, தரையைப் பார்த்தபடி. பின்வரிசையில் டேரில், அழுக்குப் பதிவோடு ரேணுகா.

ரூபேனி அழுக்குப் பதிவைப் போடச் சொன்னார். 'நிறுத்து'. டிக், டிக்.

"பொத்தான் கோளாறு," என்றார் டாக்டர். "இரைச்சல்."

"பதினேழு கட்டளை, பதினேழு கோளாறு. கட்டளைக்காகக் காத்திருந்து வர்ற கோளாறை நான் பார்த்ததில்லை," என்றேன். ரேணுகா இருமினாள்.

தலைவர் இசிமேலி பக்கம் திரும்பினார். "பைலட், நிறுத்துன்னு யாருக்குச் சொன்னீங்க?"

இசிமேலியின் தாடை அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவள் எட்டடி தூரத்தில் இருந்தாள். கெலெராவின் காது சிவந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்தார். ரூபேனி என் முழங்கையைப் பிடித்தார், ஆனால் எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ரூபேனியின் தபால்காரன். இவர்களுடைய தபால்காரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

டேரில் எழுந்தார்.

உள்ளே நுழைந்ததும் வில்சன் செய்துவந்த வேலையைப் பற்றி அவர் காதில் நான் இரண்டே வாக்கியம் போட்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சரியாக இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சி," என்றார் இசிமேலியிடம். "நான் இன்னைக்கு வில்சன். அன்னைக்கே இருந்திருக்கணும், யாரும் சொல்லலை. என்கிட்ட சொல்லுங்க. நான் எடுத்துச் சொல்றேன்."

இசிமேலி டேரிலின் முகத்தைப் பார்த்தார். மூச்சை விட்டார்.

"டேரில். நிறுத்துன்னு சொன்னது பின்னாடி படகுக்கு. அவங்க உடனே நிறுத்தினாங்க. பதிலும் சொன்னாங்க, என் காதுல விழுந்துச்சு. புது ஆள் வந்திருக்காருன்னு தெரிஞ்சும் பழைய மாதிரியே பேசினது நான். தப்பு என்னுது." கண் கலங்கியது அவருக்கு. "மூணு வருஷமா அவங்க வேலையில ஒரு குறை நான் கண்டதில்லை. வீட்டுக்குப் போனா என் அம்மாகிட்ட தினம் பெருமையாச் சொல்லுவேன். இதை அவங்களுக்குச் சொல்லுங்க."

டேரில் திரும்பினார். ஒரு வார்த்தை விடாமல், அம்மாவிடம் பெருமை பேசியது வரை அப்படியே கெலெராவிடம் சொன்னார். இந்த ஒரு முறை அவர் யாரையும் மச்சி என்று கூப்பிடவில்லை.

கெலெரா நிமிரவில்லை. கன்னம் நனைந்திருந்தது. அவள் கையிலிருந்த பால்பாயின்ட் பேனாவின் தலையை அழுத்தினாள்.

டிக், டிக்.

இசிமேலி ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தார்.

நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். "ஐயா, இதை எப்படி எழுதறது?" என்று தலைவரிடம் கேட்டாள்.

தலைவர் பேனாவை மூடினார். லைசென்ஸை ரத்து செய்யும் தாள் அவருக்கு முன்னால் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் டாக்டர் ஹார்க்னெஸ்ஸைப் பார்த்தார். ஒலி விஷயத்தில் அங்கே அவர்தானே நிபுணர். டாக்டர் தன் பெட்டியையும், கெலெராவையும், அவள் கையிலிருந்த பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'ஆம்' என்று எழுதுங்கள்," என்றார்.